தண்ணி

இருபத்தாறு வருஷமாய்த் துப்புகிறேன்.
லாபிஸ் ஹொக்கியன் சங்கத்து மாடியில்,
டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை.
நாலு காற்றாடியில் மூன்று ஓடும்.
பிங்பாங் மேசைமேல் வெள்ளைத் துணி,
துணிமேல் எண் ஒட்டிய முப்பது, முப்பத்தைந்து குவளை.
துப்புவதற்கு ஆளுக்கொரு பால்வாளி.
பழைய ஸ்டோரிலிருந்து நான்தான் கொண்டுவந்தேன்.
எத்தனை கழுவியும் அடியில் ரப்பர் வாடை.

விழுங்கினால் பத்தாவது குவளைக்குள்
எல்லாமே நல்ல ஒயின் ஆகிவிடும்.
திருமதி லோ கைக்குட்டை மறைவில் துப்புவார்.
டிகுரூஸ், நாய் துரத்தும் தபால்காரர் அவசரத்தில்.
நான் வெற்றிலை போட்டவன் மாதிரி, நேர்க்கோடாக.

ரம்புத்தான் ஒயின் தீபாவளிக்குப் பூவாய் மணக்கும்,
கிறிஸ்துமஸுக்குள் ஈரச் சாக்கு.
ரோசல் நிறத்தைக் காட்டி மதிப்பெண் கேட்கும்.
டுரியானில் ஒரு முறை ஒருவர் செய்தார்.
அந்த வருஷத்தைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

மார்க் போட எங்கே படித்தீர்கள் என்பார்கள்.
எஸ்டேட்டில்தான்.
பதினோரு மணி வெயிலில் வரிசை நிற்கும்,
காண்டா இறக்கிய தோள்கள், பால் நிறைந்த வாளிகள்.
நான் மெட்ரோலாக்கை உள்ளே விடுவேன்.
கெட்டிப் பாலில் அது அமிழும்;
தண்ணி சேர்ந்த பாலில் நிமிர்ந்து நிற்கும்,
பெரட்டில் பேர் கொடுக்க வந்தவன் மாதிரி.
நிமிர்ந்தால் பேரேட்டில் ஒரு சொல் எழுதுவேன்: தண்ணி.
அந்தச் சொல்லுக்குச் சம்பளத்தில் ஒரு விலை இருந்தது.

மூணாம் டிவிஷன் ராக்காயி ஒரு நாள் நகரவில்லை.
"மங்குல விழுந்த மழைய
நான் எங்க கொண்டுபோயி ஊத்துறது, கிராணி?"
அடுத்த வாளி, என்றேன்.

ஒயினில் அந்தக் கணக்கு தலைகீழ்.
சர்க்கரை இருக்கும்வரை கண்ணாடிக் குழல் நிமிர்ந்து நிற்கும்,
தீரத் தீர அமிழும்.
பழகிக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

இந்த வருஷம் பதினாலாம் எண்.
அன்னாசி. மங்கிய தங்க நிறம்.
நாக்கில் வைத்ததும் தெரிந்துவிட்டது,
நடுவில் ஆள் இல்லாத வீடு.
இருபதுக்கு ஒன்பது.
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்: தண்ணி.

எண்களைப் பிரித்தபோது திருமதி லோ சிரித்தார்.
பதினாலு என் ஒயின்.
சீனப் பெருநாளுக்கு நான் கொடுத்த போத்தல்;
திறக்காமல் வைத்திருந்து
நடுவர்களைச் சோதிக்க நுழைத்திருக்கிறார்.
டிகுரூஸ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.
நானும் சிரித்தேன். மீகூன் வந்தது. சாப்பிட்டோம்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன்.
மொரிஸ் அன்னாசி, நாற்பது.
சர்க்கரை நாலு கிலோ.
தண்ணி இல்லை.
என் கையெழுத்துதான். லகரம் வழக்கம்போல் சாய்ந்திருக்கிறது.

சட்டைப் பையில் மார்க் தாள்.
அதுவும் என் கையெழுத்துதான்.
இரண்டையும் விளக்கடியில் பக்கம் பக்கமாய் வைத்தேன்.
மனைவி எட்டிப் பார்த்து, "என்ன, தண்ணி அதிகமா?" என்றாள்.
நாங்கள் துப்புவதை அவள் இன்றுவரை நம்பியதில்லை.

பேரேடுகள் எங்கே போயின என்று தெரியாது.
எஸ்டேட்டை விற்றபோது எரித்ததாய் ஒருவன்,
செம்பனைக் கம்பெனிக்காரன் கொண்டுபோனதாய் ஒருவன்.
ராக்காயி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அப்பம் விற்கிறாள்.
இரண்டு வாங்குவேன், சில்லறை சரியாய்க் கொடுப்பேன்.
அவள் எண்ணிப் பார்க்காமல் வாங்குவதில்லை.

அடுத்த டிசம்பருக்கும் அழைத்திருக்கிறார்கள்.
குறிப்புக் கட்டத்தை மட்டும்
பென்சிலில் எழுதலாமா என்று கேட்டேன்.
பேனாதான் விதி என்றார் திருமதி லோ.
அந்த விதியை எழுதியவன் நான்.